உள்ளே இருந்து வந்த இணைப்பு

அழையா விருந்தாளியாகத்தான் போனேன். மருந்துக் கிடங்கின் மாடியில் இருந்த கூட்ட அறையில் என் கணவருக்கு மட்டும்தான் நாற்காலி போட்டிருந்தார்கள், அதுவும் குற்றவாளிக்குப் போடுவதுபோல் மேசையின் கோடியில் தனியாக. சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அது தரையைக் கீறிக்கொண்டு வந்த சத்தத்துக்கு எல்லாரும் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

“இது குடும்பக் கூட்டம் இல்லம்மா. கம்பெனி விஷயம்,” என்றார் அண்ணி.

“கம்பெனி விஷயத்துக்குத்தான் என் புருஷனைக் கூப்பிட்டிருக்கீங்க. நான் அவர் கூட வந்திருக்கேன்.”

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா, இந்தக் கிடங்கின் முதலாளி. மரியாதை என் வாயில் இருக்கிறது. மனசில் தேட வேண்டாம். அவருக்கு இந்தப் பக்கம் ‘டை’ உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டர் ஆலோசகர். வெயில் கொளுத்தினாலும் கழுத்தில் டை இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் மருந்து ஆய்வாளரம்மா, மூக்கடைப்போடு, கைக்குட்டையும் கையுமாக. நடுவில் மேசைமேல் ஒரே ஒரு தாள்.

அந்தத் தாளில் இருந்த வாக்கியத்தை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். ‘ஞாயிற்றுக்கிழமை பணியில் இருந்தபோது குளிரறையின் அலாரத்தை நானே அணைத்தேன்.’ கீழே என் கணவரின் பெயருக்கு மேல் ஒரு கோடு, கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டு. போட்டால் போதும், இனி எந்த மருந்துக் கிடங்கும் அவரை வாசலில்கூட நிறுத்தாது. போலீஸ் வருமா வராதா என்பது ஆய்வாளரம்மாவின் இஷ்டம். போடாவிட்டால் அக்கா அழுவார். இரண்டில் எதற்கு அவர் அதிகம் பயப்படுகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கூட வந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். ஞாயிறு மதியம் குளிரறையின் கம்ப்ரசர் நின்றுவிட்டது. உள்ளே அடுக்கடுக்காக இன்சுலின். அலாரம் அலறியது. தனியாகப் பணியில் இருந்த என் கணவர் கம்ப்ரசரைப் பார்க்க மொட்டைமாடி ஏணியில் பாதி ஏறியபோது அலாரம் நின்றது. இறங்கி வந்துவிட்டார். ஏன் இறங்கினார் என்று கேட்பவர்கள் அந்தக் கிடங்கில் வேலை பார்த்ததில்லை. குளிரறைக்கு வெளியே மாட்டியிருந்த வெப்பமானி செத்து வெகுகாலம் ஆயிற்று. புதிதாக ஒன்று வாங்க அண்ணிக்கு மனம் வரவில்லை. கதவைத் திறந்து பார்த்தால் இருக்கிற குளிரும் ஓடிவிடும். ஆகவே அலாரம் தானாக நின்றால் குளிர் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அதுதான் அங்கே சட்டம்.

அந்தச் சட்டத்தை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்போது அந்த இயந்திரம் என் பொறுப்பில் இருந்தது. கீழே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு ஓயாமல் வேலை பார்க்கும் பழைய யூனிக்ஸ் சர்வர். குளிர் திரும்பும்வரை அலாரத்தை நிறுத்தாது. பழுது பார்க்கும்போது அடக்குவதற்கு மட்டும் ஒரு கட்டளை உண்டு, அதுவும் அந்த இயந்திரத்துக்கு உள்ளே இருந்து சொன்னால்தான் கேட்கும். பிறகு ஒருநாள் வெப்பமானி வேண்டும் என்று மறுபடியும் கேட்டேன். “இங்க முதலாளி நீயா நானா?” என்றார் அண்ணி. “நீங்கதான், அதனாலதான் கிடங்கு இப்படி இருக்கு,” என்றேன். அடுத்த வாரமே என் இடத்துக்கு டை வந்துவிட்டான்.

திங்கள் காலையில் கதவைத் திறந்தபோது குளிரறை சாதாரண அறைபோல் வெதுவெதுவென்று இருந்திருக்கிறது. ஒரு பெட்டிகூட நோயாளியிடம் போய்ச் சேரவில்லை. போகவிடாமல் நிறுத்தி, ஆய்வாளருக்குத் தானே போன் செய்தவர் என் கணவர். அக்காவைக் கேட்காமல் அவர் தன் ஆயுளில் செய்த முதல் காரியம் அதுதான். அதற்குக் கிடைத்த பரிசுதான் மேசைமேல் இருந்த தாள்.

டை தன் மடிக்கணினியைச் சுவரில் இருந்த டிவியோடு இணைத்தான். திரையில் சர்வரின் லாக் விரிந்தது. இயந்திரம் தனக்கு நடந்ததையெல்லாம் தானே வரிவரியாக எழுதி வைக்கும் குறிப்பு அது. எந்த நேரம், எந்த புரோகிராம், யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள். ஒரு வரியில் மட்டும் மஞ்சள் பூசியிருந்தான். 127.0.0.1 என்ற முகவரியிலிருந்து அலாரத்துக்கு ஓர் இணைப்பு; கட்டளை, அடங்கு.

“மேடம், இந்த 127.0.0.1ங்கறது வேற எந்த ஊரும் இல்ல. அந்த மெஷினேதான்,” என்று ஆய்வாளரம்மாவிடம் விளக்கினான். “மெஷின் கீழ ரூம்ல இருக்கு. ரூம் சாவி இவர்கிட்ட. அன்னிக்குக் கட்டடத்துல இவர் மட்டும்தான். இதுக்கு மேல என்ன வேணும்?”

அவன் சொன்னதில் முதல் வாக்கியம் சத்தியம். அதனால்தான் எனக்கு அப்படி எரிந்தது. முழுப் பொய் சொல்கிறவனை நாலு வார்த்தையில் மடக்கிவிடலாம்.

“அந்த மஞ்சளை மட்டும் காட்டாதீங்க. முன்னாடி பின்னாடி காட்டுங்க,” என்றேன்.

“இவங்க இப்ப கம்பெனியில இல்ல,” என்றான் அண்ணியைப் பார்த்து.

ஆய்வாளரம்மா மூக்கை உறிஞ்சினார். “காட்டுங்க. நானும் பாக்கணும்.”

வேண்டாவெறுப்பாக மேலே நகர்த்தினான். அதே 127.0.0.1. அதற்கு மேலும் அதே. ஞாயிறு முழுக்க, சனி முழுக்க, கண்ணுக்கெட்டிய தூரம் வரை அதே முகவரி. அண்ணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“ஐயோ, இத்தனை தடவையா உள்ள பூந்து நோண்டியிருக்கான்!”

சிரித்துவிட்டேன். அடக்க முயற்சி செய்யவில்லை. “அண்ணி, அது உங்க தம்பி இல்ல. மெஷின் தன்னைத்தானே கேட்டுக்குது. கண்காணிக்கிற புரோகிராம் ஒண்ணு, அலாரம் புரோகிராம் ஒண்ணு, ரெண்டும் ஒரே மெஷினுக்குள்ள இருக்கு. உயிரோட இருக்கியான்னு இது அதைக் கேட்டுக்கிட்டே இருக்கும். நம்ம நாக்கு நம்ம பல்லைத் தொட்டுப் பாக்கற மாதிரி. இதுக்குப் போய்த் திருடன்னு கத்தினா ஊர் சிரிக்கும்.”

“அதெல்லாம் சும்மா விசாரிக்கறது,” என்று டை குறுக்கே விழுந்தான். “அடங்குன்னு சொன்னது புரோகிராம் இல்ல. மனுஷன்.”

“மனுஷன்தான். யாருங்கறதுதான் பேச்சு. வெளியேர்ந்து ஒருத்தர் போன் மூலமா மெஷினுக்குள்ள நுழையறாரு. நுழைஞ்சதுக்கு அப்புறம் அங்கேர்ந்து அலாரத்துக்குக் கட்டளை கொடுக்கறாரு. அலாரத்துக்கு என்ன தெரியும்? உள்கதவைத் தட்டற சத்தம் வீட்டுக்குள்ளேர்ந்துதானே கேக்கும்? அது 127.0.0.1னுதான் எழுதும். வந்தவர் யாருன்னு வாசல்ல நிக்கறவனைத்தான் கேக்கணும். வாசலுக்குத் தனி லாக் இருக்கு. அதைத் தெறங்க.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“சம்பந்தம் இல்லாததைத் தெறக்க ஏன் இவ்வளவு கஷ்டம்?”

டை அண்ணியைப் பார்த்தான். அண்ணி மேசை விளிம்பைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது, இவர்கள் இருவரும் இதை முன்பே திறந்து பார்த்திருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்பார்களே, இங்கே அந்தச் சோற்றைச் சாப்பிட என் புருஷனை உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

“தெறங்க,” என்றார் ஆய்வாளரம்மா.

திறந்தான். அலாரம் அடங்கியதற்குச் சற்று முன்னால் ஒரு வரி: வெளி முகவரியிலிருந்து ஒருவர் உள்ளே வந்திருக்கிறார், கீ ஏற்றுக்கொள்ளப்பட்டது. அடங்கியதற்குச் சற்றுப் பின்னால் இன்னொரு வரி: போய்விட்டார். கீ என்றால் இரும்புச் சாவி இல்லை. கடவுச்சொல்லுக்குப் பதிலாக போனிலோ கணினியிலோ வைத்திருக்கும் ரகசியக் கோப்பு. ஒவ்வொரு கீக்கும் ஒரு கைரேகை உண்டு, நீளமான எழுத்துச் சரம். நுழையும்போது வாசல் அதையும் எழுதிக்கொள்ளும். அன்று நுழைந்த கீயின் கைரேகை ஏழு, எக்ஸ், ஏழு என்று முடிந்திருந்தது.

“அப்ப ஞாயித்துக்கிழமை அந்த ரூமுக்குள்ள போய் யாரும் அமுக்கல,” என்றார் ஆய்வாளரம்மா மெதுவாக.

நான் வாயைத் திறப்பதற்குள் டை முந்திக்கொண்டான். வேகமான ஆள்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். “சரி மேடம், வெளியேர்ந்துன்னே வெச்சுக்குவோம். வெளியேர்ந்து இந்த மெஷினுக்குள்ள வரத் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். நான் ஒருத்தன். இவங்க ஒருத்தங்க. கோவத்துல வேலையை விட்டுப் போனது நான் இல்ல.”

அண்ணி நாற்காலியில் நிமிர்ந்தார். போன உயிர் திரும்பியது. “பாத்தியா தம்பி? பாத்தியா? கூடவே வெச்சுக்கிட்டு இருந்திருக்கே! உன்னை மாட்டி விட்டுட்டு, காப்பாத்தற மாதிரி வந்து நிக்கறா பாரு!”

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஒரு கணம்தான். அதில் கோபம் இல்லை, கேள்வி இருந்தது. இவ்வளவு காலம் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்திய மனிதர், யாரோ டை கட்டியவன் சொன்னதும் நீயா என்று கேட்கிறார். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. எழுந்து போய்விடலாமா, போட்டுத் தொலையட்டும் கையெழுத்தை, என்று நிஜமாகவே நினைத்தேன்.

போகவில்லை. பையிலிருந்து என் கணினியை எடுத்து, என் கீயின் கைரேகையைத் திரையில் வரவழைத்து ஆய்வாளரம்மாவின் பக்கம் திருப்பினேன். கடைசியில் ஏழும் இல்லை, எக்ஸும் இல்லை.

“இவங்ககிட்ட வேற கீ இருக்கலாம்,” என்றான் டை.

“உள்ள விடலாம்னு மெஷின்ல எழுதி வெச்சிருக்கிற கீயை மட்டும்தான் வாசல் உள்ள விடும். அந்தப் பட்டியலைத் தெறந்து காட்டுங்க.”

மூன்று கீகள் இருந்தன. ஒன்றில் அவன் பெயர். ஒன்றில் என் பெயர். என்னை அனுப்பியவர்கள் என் கீயை எடுக்கக்கூட மறந்திருந்தார்கள், அவ்வளவு பெரிய நிபுணன். மூன்றாவதில் பெயரே இல்லை. ஏழு, எக்ஸ், ஏழு அதுதான்.

“இது யாரோடது?”

“அது... டெஸ்ட்டுக்காக எப்பவோ போட்டது.”

“போட்டது யாரு?”

“ஞாபகம் இல்ல.”

எனக்கு ஞாபகம் இருந்தது. போன மாதம் எங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணியின் போன் வீல் வீலென்று கத்தியது. குளிரறைக் கதவை யாரோ சரியாகச் சாத்தவில்லை; கிடங்கில் அலாரம் அடித்தால் அந்தப் போனும் கத்தும். அண்ணி இடதுகையால் போனை எடுத்து, “சனியன்,” என்று சொல்லித் திரையில் இருந்த சிவப்புப் பொத்தானைக் கட்டைவிரலால் அமுக்கினார். சத்தம் போயிற்று. சாப்பாடு தொடர்ந்தது. போனைத்தான் அடக்குகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவரும் அன்று அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ‘எனக்கு அந்தச் சத்தமே கேக்கக் கூடாது’ என்று முதலாளி சொன்னால், டை போன்றவன் என்ன செய்வான்? போனை அடக்குவதைவிட மூலத்தையே அடக்குவது அவனுக்குச் சுலபம்.

“அண்ணி, உங்க போன்ல ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கே, அதை இப்ப ஒரு தடவை அமுக்குங்க. வாசல் லாக்ல எந்தக் கீ வருதுன்னு பாத்துடுவோம். ஒரு நிமிஷத்து வேலை.”

அண்ணியின் கை பாய்ந்து போனை மூடியது. “என் போனை யாரும் தொடக் கூடாது.”

“நீங்களே தொடுங்க.”

“முடியாதுன்னா முடியாது! இது என் சொந்தப் போன். நீ யாரு எனக்கு உத்தரவு போட?”

ஆய்வாளரம்மா கைக்குட்டையை மடித்தார். “போனைக் காட்டச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. எனக்கு வேண்டியது ஒரு பதில், எழுத்துல, இன்னிக்கு மதியத்துக்குள்ள. யாரு கையெழுத்துப் போடறாங்களோ அவங்க பொறுப்பு. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். திரையில் உண்மை பாதி ஏறி நின்றது. மேசையில் தாள் முழுசாக இருந்தது.

அண்ணி குரலை மாற்றினார். இந்தக் குரலுக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். “தம்பி, அம்மா போனதுக்கப்புறம் உனக்குச் சோறு ஊட்டினது யாரு? உன் ஸ்கூல் பையைத் தூக்கிக்கிட்டு நடந்தது யாரு? இந்தக் கிடங்கு மூடினா எனக்கு வேற என்ன இருக்கு? உனக்கு நான் வேற வேலை பாத்துத் தரமாட்டேனா? போடுடா கண்ணு.”

என் கணவர் பேனாவை எடுத்தார். தாளை ஒருமுறை முழுக்கப் படித்தார். பிறகு பேனாவை மூடி, தாளின் மேலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

“போடறதுக்கு முன்னாடி கீழ ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடறேன் அக்கா.”

“போயிட்டு வாடா. நிதானமா வா,” என்றார் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கிடங்கிடம் விடைபெறப் போகிறாராம். வாயில்லாப் பூச்சி என்று ஊரே சொல்லும். வாய் மட்டுமா இல்லை, முதுகெலும்பும் இல்லை என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன். அந்தப் படிக்கட்டில் இறங்கிப் போன முதுகை நான் வெறுத்தேன். அவருக்காகக் கத்திக்கத்தி என் தொண்டை வறண்டிருந்தது, என்னைச் சந்தேகப்பட்டதற்கு ஒரு வார்த்தைகூட இல்லாமல் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அண்ணியின் கண்ணீர் நின்றது. என் பக்கம் திரும்பினார்.

“திருப்தியா? எங்க குடும்பத்தை உடைக்கணும்னே வந்தவ நீ. நானும் வந்த நாள்லேர்ந்து பாக்கறேன். கம்ப்யூட்டர் தெரிஞ்சா போதுமா? குடும்பம்னா என்னன்னு தெரியுமா உனக்கு? என் தம்பி ஒரு நாள் என்னை எதிர்த்துப் பேசினது உண்டா? நீ வந்ததுக்கப்புறம்தான் அவன்...”

கீழே அலாரம் அலறியது. அதே நொடி மேசைமேல் அண்ணியின் போனும் வீலென்று கத்தியது.

“சனியன்,” என்றார் அண்ணி. கட்டைவிரல் போய் அமுக்கியது. இரண்டு சத்தமும் நின்றன. “அவன் தானா ஆய்வாளருக்குப் போன் பண்ற அளவுக்குத் துணிஞ்சான். யார் சொல்லிக் கொடுத்தது? நீதானே? வாயைத் தெறந்து சொல்லு!”

யாருமே அவரைப் பார்க்கவில்லை. நாங்கள் மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திறந்தபடியே கிடந்த வாசல் லாக்கின் அடியில் புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது. வெளியிலிருந்து ஒருவர் வந்தார். கீ ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஏழு, எக்ஸ், ஏழு. அதற்குக் கீழே இன்னொரு வரி, போய்விட்டார். ஆய்வாளரம்மா எழுந்து திரைக்கு அருகில் போய் விரலை வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். பிறகு டையின் மடிக்கணினியில் தானே அலாரத்தின் லாக்குக்கு மாற்றினார். 127.0.0.1. அடங்கு.

அண்ணி அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். கையில் இருந்த போனைச் சுட்டதுபோல் மேசையில் போட்டார்.

“மேடம், நேத்தே சொன்னேன்ல,” என்றான் டை அண்ணியிடம், டையைத் தளர்த்திக்கொண்டே. கப்பல் கவிழும்போது முதலில் குதிக்கிற சாதி. “இனிமே இந்தப் பொத்தானை மட்டும் தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல!”

“நேத்தே தெரியுமா உங்களுக்கு?” என்று ஆய்வாளரம்மா கேட்டது இருவரையும் பார்த்து. அவர் உட்கார்ந்து தன் கோப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. என் கணவர் வாசலில் வந்து நின்றார். சட்டையில் குளிரறையின் ஈரவாடை அடித்தது.

“கம்ப்ரசர் மறுபடியும் நின்னு போச்சா?” என்றார் ஆய்வாளரம்மா.

“இல்லம்மா. அது நல்லா ஓடுது. அறை காலியாத்தானே கிடக்கு, நான் கதவைத் தெறந்து வெச்சேன்.”

என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மன்னித்திருப்பேனா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நான் என்னடா பண்றது,” என்றார் அண்ணி. இந்த முறை குரல் நிஜமாகவே உடைந்தது. “ஞாயித்துக்கிழமை வியாபாரிகள் சங்கத்துக் கூட்டத்துல மேடையில உக்காந்திருந்தேன். எல்லாரும் என்னையே பாக்கறாங்க, இது கத்திக்கிட்டே இருக்கு. கீழ நீ இருக்கே, நீ பாத்துப்பேன்னு நம்பித்தான்டா அமுக்கினேன்.”

“தெரியும் அக்கா. சத்தம் நின்னுச்சு. குளிர் வந்துடுச்சுன்னு நம்பித்தான் நானும் இறங்கி வந்தேன்.”

இடுப்பிலிருந்து கிடங்கின் சாவிக்கொத்தை அவிழ்த்து, கையெழுத்துப் போடாத தாளின்மேல் வைத்தார். அண்ணி அதை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

“யாராவது கீழ போங்க,” என்றார் என் கணவர். “கதவு இன்னும் தெறந்துதான் இருக்கு.”

கீழே ஒரு சத்தமும் இல்லை.